ஜனுசாக் எங்கே பிறந்தார்

கோக்சாய் மலை வானாய்வகத்தில் மூன்று தொலைநோக்கிகளும் ஓர் எசென்கெல்தியும் உண்டு. தொலைநோக்கிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கழற்றி, ஆடிக்குப் புதுப் பூச்சுப் போட்டு, மறுபடி பூட்டுவார்கள். எசென்கெல்தியை அப்படிக் கையாள எந்த இயக்குநருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடங்கள் ஆகியும் குடியிருப்பின் முதல் வீட்டை விட்டு அவர் நகரவில்லை. காலையில் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, உலக்கையை விழுங்கியவர் போல நிமிர்ந்து, ஆய்வகத்தைச் சுற்றி ஒரு நடை போவார். அவரைக் கண்டதும் அவரவர் இன்னும் கொஞ்சம் மும்முரமாக வேலை செய்வதாகக் காட்டிக்கொள்வார்கள். மலையில் நிர்வாகம் என்று ஒன்று நடந்தது என்றால் அது அந்த அரைமணி நேரம்தான்.

மற்றவர்களுக்குக் கீழே சமவெளியில் குதிரை இருக்கும், ஆடு இருக்கும். எசென்கெல்திக்கு வானத்தில் ஒரு கல் இருந்தது. 1979-இல் கண்ணாடித் தகடுகளில் அவரே தேடிப் பிடித்த சிறுகோள். பன்னிரண்டு வருடம் கடிதம் எழுதி, அதற்குத் தன் தகப்பனார் ஜனுசாக்கின் பெயரை வாங்கினார். அந்தச் சான்றிதழ், வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே, வந்தவர்களில் மூத்தவரை உட்காரவைக்கும் இடத்துக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. அதைப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தேநீர் குடித்துவிட முடியாது. பார்த்தவர்களுக்கு விளக்கமும் உண்டு.

"சும்மா ஏதோ ஒரு கல்லுன்னு நினைச்சிடாதீங்க. ஃப்ளோரா குடும்பம். சிறுகோள் வளையத்துல உள்பக்கம், செவ்வாய்க்குப் பக்கம். ஒரே தாய்க்கல் உடைஞ்சு பிறந்த பிள்ளைங்க. எல்லாம் வெளிச்சமான கல்லு. சூரியன் சூட்டுல பிறந்து, பிறந்த இடத்துலயே இருக்கிற குடும்பம். வியாழனுக்கு அந்தாண்டை பனியிலயும் கரியிலயும் பிறந்துட்டு வழி தவறி வந்து ஒண்டுற கழுதைங்க இல்ல."

விருந்தாளிகள் தலையாட்டுவார்கள். கல்லுக்குக்கூடக் குலம் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார் மனுஷர் என்று வியப்பார்கள். அவர் உடனே தன் குலத்தையும் சொல்லிவிடுவார். ஏழு தலைமுறைத் தகப்பன் பெயர்களைத் தடங்கலின்றிச் சொல்லத் தெரியாதவனை அந்த ஊரில் அநாதை என்பார்கள். எசென்கெல்தி ஏழையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எட்டாவதையும் இனாமாகத் தருவார்.

இந்தக் கல்லின் பெயரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒருத்தியைத் தவிர. அவள் அவருடைய இளைய மருமகள் மாக்பால். கணவன் வீட்டு ஆண்களில் மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது வழக்கம். நகரத்தில் அது எப்போதோ காற்றில் போய்விட்டது. எசென்கெல்தி வீட்டில் போகவில்லை. அவர் வீட்டில் காற்றுக்கும் அனுமதி வேண்டும். விதியின் விளையாட்டு, மாக்பால் சிறுகோள்களைப் படித்தவள். அதே மலையில் அதே தொலைநோக்கியில் வேலை செய்கிறவள். பதினைந்து வருடங்களாக அவள் அந்தக் கல்லைப் 'பெரிய வீட்டுத் தாத்தா' என்றே சொல்லி வந்தாள். கட்டுரைகளில் எண்ணை மட்டும் எழுதுவாள். இது மலை முழுக்கத் தெரிந்த விஷயம். எசென்கெல்திக்கு இதில் இருந்த பெருமை, கல்லைக் கண்டுபிடித்ததில் இருந்த பெருமையைவிட ஒரு பிடி கூடுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் மாலை மாக்பால் மாமனாருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள். கிண்ணத்தில் அரைக்கும் குறைவாகத்தான் ஊற்றினாள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"அத்தா, பெரிய வீட்டுத் தாத்தாவோட நிறமாலை வந்திருச்சு."

"எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். ஆனா..."

"நம்ம வீட்ல 'ஆனா'ங்கிற சொல்லுக்கு இடமில்ல மாக்பால்."

"சரிங்க அத்தா. நல்லா இருக்கார், கருப்பா இருக்கார்."

எசென்கெல்தி கிண்ணத்தைக் குடிக்காமலே கீழே வைத்தார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி கலாம்காஸ் மாவு பிசைவதை நிறுத்தாமலே காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஃப்ளோரா வீட்டுக் கல்லுங்க தன்மேல விழற வெயில்ல நூத்துக்கு இருபத்தஞ்சு பங்கத் திருப்பி அனுப்பும்" என்றாள் மாக்பால். "செயற்கைக்கோள் எடுத்த அகச்சிவப்புக் கணக்க வச்சுப் பாத்தேன். இவர் அஞ்சு பங்குதான் அனுப்பறார். அடுப்புக்கரி மாதிரி. சரி, வெளிச்சம் மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாதுன்னு நிறமாலையும் எடுத்தேன். அந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் ஒரு மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் விழும். பாறைத் தாது இருக்கிறதுக்கு அடையாளம். இவருக்குப் பள்ளமே இல்ல. சிவப்புப் பக்கமா நேரா ஏறிக்கிட்டே போகுது."

"அதனால?"

அவருக்குத் தெரியாததில்லை. அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

"இவர் இங்க பிறக்கல அத்தா. வியாழனுக்கு அந்தப் பக்கம், குளிர்ல பிறந்திருக்கார். பெரிய கோளுங்க இடம் மாறுன காலத்துல தள்ளிவிட்டதுல இங்க வந்து, இந்தக் குடும்பத்து நடுவுல நின்னுட்டார். சுத்துற பாதை அவங்களோடது. உடம்பு வேற."

வெளியிலிருந்து வந்து ஒரு குலத்தோடு ஒட்டிக்கொண்டவனுக்கு அந்த ஊரில் ஒரு சொல் உண்டு: கிர்மே. மாக்பால் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது அறை முழுக்கக் கேட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எசென்கெல்தி எல்லா விருந்திலும் ஒரே மூச்சில் சொல்லும் ஏழு பெயர்களில் முதல் பெயர் மட்டும்தான் ரத்தத்தால் அவருடையது. ஜனுசாக் எட்டு வயதில், பெரும்பஞ்சத்தில், எங்கோ மேற்கிலிருந்து உப்பு வண்டியில் வந்து இறங்கிய பிள்ளை. கூட யாரும் இல்லை. பைதொரே என்ற பெரியவர் எடுத்து வளர்த்துத் தன் குலத்தைக் கொடுத்தார். மற்ற ஆறு பெயர்களும் பைதொரேயின் வழியில் வந்தவை. பழைய ஆட்களுக்கெல்லாம் இது தெரியும். தெரியும் என்பது எசென்கெல்திக்கும் தெரியும். எழுபது வருடமாக யாரும் வாய்திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. மகனுக்குச் சொன்னதில்லை, மருமகளுக்குச் சொல்வானேன்? இப்போது தகப்பன் பெயர் வைத்த கல்லும் கிர்மே என்று அச்சில் வந்தால், மலையில் ஒருவன் சிரிக்காமல் இருப்பானா? அப்பனுக்கேற்ற கல் என்பான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் தன் நெஞ்சு நிமிர்வு எத்தனை நாள் தாங்கும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். விடை நன்றாக இல்லை.

"எந்த நட்சத்திரத்தால வகுத்தே?" என்று கேட்டார்.

கல்லின் ஒளியில் இருக்கும் சூரிய நிறத்தைக் கழிக்க, சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையால் வகுக்க வேண்டும். நட்சத்திரம் கொஞ்சம் பிசகினாலும் விடை சிவந்துவிடும். கேள்வி நல்ல கேள்விதான்.

"மூணு நட்சத்திரம் அத்தா. மூணுலயும் ஒரே விடை."

"கல்லு தொடுவானத்துக்குப் பக்கத்துல இருந்திருக்கும். காத்து சிவப்பாக்கியிருக்கும்."

"உச்சிக்கு வந்தப்பதான் எடுத்தேன்."

"ஆடில தூசி."

"ஜூன்லதான் உங்க மகன் கழுவினார். நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்தீங்க."

"அவன் கழுவினானா? அப்ப நிச்சயமா தூசிதான். மறுபடி எடு."

மாக்பால் மறுபடி எடுத்தாள். மூன்று இரவுகள். கல் மூன்று இரவும் கருப்பாகவே இருந்தது. மாமனாருக்காகக்கூட அது ஒரு பங்கு வெளுக்கவில்லை. அவள் தாளை மடித்துத் தேநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எசென்கெல்தி தாளைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு, அவள் போனதும் மூன்று தடவை பார்த்தார்.

மறுநாள் அவர் ஆவணக் கிடங்குக்குப் போனார். இவள் கணக்கில் பிழை கிடைக்காவிட்டாலும், தன் பழைய கணக்கு சரி என்று நிரூபிக்கலாமே. 1981-ஆம் வருட நோட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். அவர் கையெழுத்து அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் அணிவகுப்பில் நிற்கும். பிரகாசம்: அளந்தது. சுழற்சி நேரம்: அளந்தது. மேற்பரப்பு வெண்மை: நூற்றுக்கு இருபத்து நாலு. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: 'குடும்ப மதிப்பு.'

எசென்கெல்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். குடும்ப மதிப்பு. அதாவது, அளக்கவில்லை. கல் ஃப்ளோரா குடும்பத்தின் நடுவில் சுற்றுகிறது, ஆகவே ஃப்ளோரா கல்தான், ஆகவே இந்த அளவு வெண்மைதான் என்று முப்பத்து நாலு வயது எசென்கெல்தி எழுதிவிட்டிருந்தார். அந்த வெண்மையை வைத்தே கல்லின் அளவையும் கணக்கிட்டு, ஆறு கிலோமீட்டர் என்று இரட்டைக் கோடும் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் பல இடங்களில் அதை 'உத்தேசம்' என்று எழுதினார்கள். இவர் எழுதவில்லை. மேய்ச்சலில் எந்தக் குலத்து மந்தையோடு நிற்கிறதோ அந்தக் குலத்து ஆடு என்று பழகிப்போன மனுஷர். சூடு போட்ட அடையாளத்தைப் புரட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. அளந்து சொல்ல வேண்டிய விஞ்ஞானி, சம்பந்தம் பேசப் போன பெரியவரைப் போல அக்கம்பக்கத்தைப் பார்த்து ஜாமீன் போட்டுவிட்டு வந்திருந்தார்.

நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

வீட்டுக்கு வந்தால் தூய்செம்பை உட்கார்ந்திருந்தார். சான்றிதழுக்குக் கீழேயே, ஏதோ தனக்காகவே மாட்டியது போல. ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த ஊர் நியாயம். தூய்செம்பை எழுபத்தெட்டு வருடமாக இந்த நியாயத்தை வஞ்சனையில்லாமல் அனுபவித்து வந்தவர். மலையில் வருடாவருடம் கூடும் வானியல் கூட்டத்துக்கு இந்த முறை அவர்தான் தலைவர். யார் என்ன பேசப்போகிறார் என்ற சுருக்கமெல்லாம் அவரிடம்தான் வரும்.

"வாய்யா எசென்கெல்தி. உங்கப்பா பத்தி ஏதோ சேதி வந்துச்சே" என்றார், பொரித்த மாவு உருண்டையை வெண்ணெயில் தோய்த்தபடி.

"எங்கப்பா செத்து நாப்பது வருஷமாச்சு. இப்ப என்ன சேதி?"

"அதான் பாரு, செத்தப்புறமும் ஒரு மனுஷனுக்குச் சொந்த ஊர் மாறுது. காலம் எப்படி முன்னேறிருச்சு!"

"யார் சொன்னா?"

"சுருக்கம் அனுப்பியிருக்கா உன் மருமக. எண்ணுதான் போட்டிருக்கு. எனக்கு எண்ணப் பாத்தா ஆளத் தெரியாதா? என் பொண்டாட்டி தொலைபேசி எண்ணு எனக்கு மனப்பாடம் கிடையாது, உன் கல்லோட எண்ணு மனப்பாடம். நாப்பது வருஷமா நீ விட்டியா?" தூய்செம்பை கண்ணைச் சிமிட்டினார். "வருத்தப்படாத. வெளியிலருந்து வந்தவங்க நல்லபடியாத்தான் இருக்காங்க. எங்க குலத்துல கூட ரெண்டு மூணு பேர் உண்டு. சமையலுக்கு வச்சுக்குவோம்."

"தேநீர் நிறைய ஊத்து கலாம்காஸ்" என்றார் எசென்கெல்தி. "ஐயாவுக்குக் கிளம்பற நேரமாச்சு."

தூய்செம்பை விழுந்து விழுந்து சிரித்தார். கிண்ணம் நிறையக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்று மாலை எசென்கெல்தி மருமகளைக் கூப்பிட்டார். கோபம் தெரியாமல் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"சுருக்கத்த வாபஸ் வாங்கிடு."

மாக்பால் தரையைப் பார்த்தபடி நின்றாள். தரையைப் பார்த்தாலும் குரல் தரையில் இல்லை. "வாங்க முடியாதுங்க அத்தா. நாலு வருஷ வேலை. இது மாதிரி அந்தக் குடும்பத்துக்குள்ள இன்னும் பதினொரு கல்லு பிடிச்சிருக்கேன். கல்லுங்க எங்க பிறந்துச்சுன்னு ஒண்ணொண்ணா எழுதி வச்சாத்தான் கோளுங்க எப்படி நகர்ந்துச்சுன்னு தெரியும். இவர விட்டுட்டா மத்தது நிக்காது. இவருக்குத்தான் அளவு ரொம்பச் சுத்தமா வந்திருக்கு."

"கல்லு எங்க பிறந்தா உனக்கென்ன?"

"அதுதான் அத்தா என் வேலை."

அடுப்படியிலிருந்து கலாம்காஸ் குரல் வந்தது: "அதத்தான நீங்களும் நாப்பது வருஷம் பாத்தீங்க?"

மனைவியின் பேச்சைக் கேளாதது போல இருக்கும் கலையில் எசென்கெல்தி கைதேர்ந்தவர். மாக்பால் சொன்னாள்: "நான் பேரச் சொல்லப்போறதில்லையே அத்தா. எப்பவும் போல எண்ணு மட்டும்தான். கீழருந்து வர்றவங்களுக்கு அது யாருன்னே தெரியாது."

எசென்கெல்தியின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆமாம், பெயரில்லையே! மருமகள் வாயைக் கட்டிய வழக்கம், இப்போது ஊர் வாயையும் சேர்த்துக் கட்டிவிடும். முன்னோர்கள் சும்மாவா வைத்தார்கள்? எதிர்காலத்தில் சிறுகோள் நிறமாலை வரும், அதில் எசென்கெல்தியின் மானம் போகும், அதைக் காக்க ஒரு வழக்கம் வேண்டும் என்று யோசித்தல்லவா வைத்திருக்கிறார்கள்! அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

கூட்டம் செப்டம்பரின் முதல் சனிக்கிழமை. ஆய்வகக் கூடத்தில் அறுபது பேர். நகரத்துப் பல்கலைக்கழகக்காரர்கள், தாஷ்கண்டிலிருந்தும் துஷன்பேயிலிருந்தும் வந்தவர்கள், மலைவாசிகள் எல்லாரும். எசென்கெல்தி முதல் வரிசையில் பதக்கங்களோடு உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. அவருடைய இளைய மகன், மாக்பாலின் கணவன், கடைசி வரிசையில், எப்போது வேண்டுமானாலும் மோட்டார் அறைக்கு ஓடிவிடும் தூரத்தில் இருந்தான்.

மாக்பால் நன்றாகப் பேசினாள். வெளிச்சமான கற்களின் நடுவே பன்னிரண்டு கருப்புக் கற்கள். அவற்றின் வெண்மை, நிறமாலை. எங்கோ பிறந்து, எந்தக் காலத்திலோ தள்ளப்பட்டு, இந்தக் குடும்பத்தின் பாதையில் வந்து சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் முதலாக, அளவு மிகத் தெளிவாக வந்த ஒன்று என்று ஒரு எண்ணைச் சொன்னாள். தாஷ்கண்டுக்காரர் ஒருவர் மடமடவென்று குறித்துக்கொண்டார். பேச்சு முடிந்தது, கைதட்டினார்கள். எசென்கெல்தி மூச்சு விட்டார்.

"மகளே" என்றார் தலைவர் தூய்செம்பை, தேன் தடவிய குரலில். "அருமையாப் பேசினே. ஒரே ஒரு சின்ன விஷயம். எண்ண வச்சு இந்தக் கிழவங்க என்ன பண்றது? பாக்கி பதினொண்ணுக்கும் பேர் சொன்னே. அந்த முதல் கல்லுக்குப் பேர் இல்லையா?"

"இருக்குங்க அகா. பட்டியல்ல இருக்கு."

"பட்டியல் கைல இல்லையே. வாயால சொல்லேன், எல்லாரும் கேக்கட்டும்."

மாக்பால் சும்மா நின்றாள். மலைவாசிகளில் சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். கீழிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பேசியவளுக்குத் தான் பேசிய கல்லின் பெயர் தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒரு நகரத்துப் பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது முதல் வரிசை வரைக்கும் கேட்டது.

"பேரையே சொல்லத் தயங்கினா எப்படிம்மா?" தூய்செம்பை கவலைப்பட்டார். கவலை அவர் முகத்துக்கு நன்றாகப் பொருந்தியது. "கல்லு எதுன்னு உறுதியா இல்லன்னா, முடிவும் உறுதியில்லன்னுதான அர்த்தம்? கூட்டத் தொகுப்புல உன் கட்டுரையச் சேர்க்கறத அடுத்த வருஷம் பாத்துக்கலாமா? அவசரம் ஒண்ணுமில்லையே. கல்லு எங்கயும் ஓடப்போறதில்ல. ஓடினாலும், ஏற்கெனவே ஒருதடவை ஓடிவந்ததுதானே."

எசென்கெல்தி விரும்பியது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பெயர் வெளியே வரவில்லை. முடிவு தள்ளிப்போகிறது. ஒரு வருடத்தில் யார் இருப்பார், யார் போவார்! இருந்த இடத்தில் இருந்தால் போதும், அசைய வேண்டியதில்லை.

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் காதுகள் சிவந்திருந்தன. ஒரு சொல் சொன்னால் நாலு வருட வேலை பிழைக்கும். சொல்லமாட்டாள். பதினைந்து வருடமாக அவர் வீட்டு மரியாதையை அவள் ஒருத்திதான் தலையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். இப்போது அறுபது பேர் முன்னால், முட்டாள் பட்டம் வாங்கிக்கொண்டு, அதையே தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மாமனார் பதக்கத்தோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். குடும்ப கௌரவம் என்று தான் காத்து வந்த சரக்கு இத்தனை நாளும் எங்கே இருந்தது என்பது எசென்கெல்திக்கு அப்போதுதான் தெரிந்தது. அது சான்றிதழ்ச் சட்டத்துக்குள் இல்லை. மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

அவர் எழுந்தார். எழுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை, ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருந்தார்.

"ஜனுசாக்" என்றார். "கல்லோட பேரு ஜனுசாக். எங்கப்பா பேரு. எங்க வீட்டு மருமக அதச் சொல்லக்கூடாது, சொல்லமாட்டா. உங்க வீட்ல இந்த வழக்கம் எப்பவோ போயிருச்சு தூய்செகே, உங்க மருமகளுங்க உங்களப் பேர் சொல்லிக் கூப்பிடறத நானே தெருவுல கேட்டிருக்கேன். அதுக்காக எங்க வீட்டு வழக்கத்தச் சந்தைக்கு இழுக்கணுமா?"

கூடம் சிரித்தது. தூய்செம்பையும் சிரித்தார், ஆனால் விடவில்லை. அதே மரியாதைச் சுருக்கத்தில் இவரையும் கூப்பிட்டார்.

"மன்னிக்கணும் எசெகே. பேர் கிடைச்சாச்சு. கண்டுபிடிச்சவரே நிக்கறீங்க, கேட்டுடறேன். உங்க மருமக சொல்றா, இவர் ஃப்ளோரா குடும்பத்துல பிறக்கல, வெளியிலருந்து வந்தவர்னு. ஒத்துக்கறீங்களா?"

பழைய ஆட்கள் நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். எசென்கெல்தி ஒருமுறை தொண்டையைக் கனைத்தார்.

"ஒத்துக்கறேன். வியாழனுக்கு அந்தாண்டை பிறந்தவர். மூணு நட்சத்திரத்தால வகுத்துப் பாத்தாச்சு. காத்து இல்ல, தூசி இல்ல." பழைய ஆட்கள் இருந்த பக்கம் திரும்பினார். "எங்கப்பாவும் இங்க பிறக்கல. எட்டு வயசுல உப்பு வண்டில தனியா வந்தவர். பைதொரே எடுத்து வளர்த்தார். அதுக்கு முன்னாடி அவர் யாரு, யாரோட பிள்ளை, தெரியாது. கூட வந்தவங்க எல்லாரும் வழியில போயிட்டாங்க. பேரக் கேட்டு வச்சுக்க ஆளில்ல."

மேடையில் மாக்பால் முதல் தடவையாக மாமனாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இன்னொண்ணு" என்றார் எசென்கெல்தி. "வெண்மை இருபத்து நாலுன்னு 81-ல எழுதினது நான். அளக்கல. பக்கத்துல இருந்தவங்களப் பாத்து எழுதிட்டேன். அது... அது பிழை. என் பிழை. தொகுப்புல அதையும் போடுங்க."

தகப்பனைப் பற்றிச் சொன்னபோது இரும்பு போல நின்ற குரல், இந்த இடத்தில்தான் லேசாக உடைந்தது. நாற்பது வருட வேலையில் இந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றிப் பயன்படுத்தியதில்லை. சொல் வாய்க்குப் பழகவில்லை.

துஷன்பேக்காரர் ஒருவர் கைதட்டத் தொடங்கிவிட்டு, தட்டலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து பாதியில் நிறுத்தினார். தூய்செம்பை தாளில் எதையோ எழுதினார். "சேர்த்தாச்சு" என்றார். அதற்குமேல் அவருக்குக் கிண்டல் கிடைக்கவில்லை. மறைத்து வைக்கும் வரைதான் ஒரு சரக்கைத் திருட முடியும்.

இவ்வளவுக்குப் பிறகு எசென்கெல்தி அடக்கமானவராக மாறிவிட்டார் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம். மதியம் புல்வெளியில் விருந்து. ஒரு மணிநேரத்துக்குள் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"கவனிச்சுக் கேளுங்க. வெண்மை அஞ்சுன்னா அளவு என்னாகும்? அதே வெளிச்சம் வரணும்னா கல்லு பெருசா இருக்கணும்ல? ஆறு இல்ல, பதிமூணு கிலோமீட்டர்! இத்தன நாளா பாதி ஆளாக் காட்டிக்கிட்டு இருந்திருக்கார், என்ன ஒரு தன்னடக்கம்! ஃப்ளோரா குடும்பத்துல பிறக்கறது ஒரு பெரிய காரியமா? ஆயிரக்கணக்குல இருக்கு, எல்லாம் ஒரு கல்லு உடைஞ்ச சில்லு. வியாழனையே தாண்டி, உடையாம, இத்தன கோடி வருஷம் அடுத்தவங்க நடுவுல தலை நிமிர்ந்து சுத்தறது இருக்கே, அதுக்கு வேற உடம்பு வேணும்."

"போன மாசம் வரைக்கும் கழுதைன்னீங்களே" என்றாள் கலாம்காஸ், இறைச்சித் தட்டை வைத்துக்கொண்டே.

"அது மத்த கல்லச் சொன்னேன்."

கொஞ்சம் தள்ளி, கூட்டத்தின் இரைச்சலுக்குள் தூய்செம்பை மாக்பாலின் பக்கத்தில் மெதுவாக வந்து உட்கார்ந்தார். தலைவரின் குரல் காலையில் மேடையிலேயே தங்கிவிட்டிருந்தது.

"மகளே, காலைல நான் பேசினத மனசுல வச்சுக்காத."

"இல்லைங்க அகா."

"நல்லது, நல்லது." குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் இருந்த கிண்ணத்தை இரண்டு தடவை சுழற்றினார். "எங்க பாட்டன் பேர்ல கூட ஒரு சின்னக் கல்லு இருக்கு. என் மாணவன் ஒருத்தன் வச்சான். அதுவும் அந்தப் பக்கம்தான், ஃப்ளோராவுக்கு நடுவுல... ரொம்ப மங்கலான கல்லு. பாக்கறதே கஷ்டம். உனக்கு நேரமும் இருக்காது. வேண்டாம்னு சொல்லத்தான்..."

"போன வாரமே பாத்தாச்சுங்க அகா."

தூய்செம்பையின் கிண்ணத்திலிருந்து குமிஸ் ஒரு சொட்டு கால்சட்டையில் விழுந்தது.

"நூத்துக்கு இருபத்தாறு" என்றாள் மாக்பால். "பள்ளமும் சரியான இடத்துல விழுது. ஃப்ளோரா வீட்டுப் பிள்ளையேதான். சந்தேகமில்ல."

தூய்செம்பை நீளமாக மூச்சுவிட்டார். உடம்பு தளர்ந்து, பிறகு நிமிர்ந்து, பத்து வயது குறைந்துவிட்டது. பேரனைக் கூப்பிட்டு இன்னொரு கிண்ணம் குமிஸ் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து எசென்கெல்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் இந்தப் பேச்சு அவர் காதுக்கு வந்திருக்கும். இறைச்சித் துண்டை மென்று விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"பாவம்" என்றார் பக்கத்தில் இருந்த நகரத்துப் பேராசிரியரிடம், தூய்செம்பைக்குக் கேட்கும்படியாக. "பிறந்த இடத்த விட்டு ஒரு அடி எங்கயும் போனதில்ல."